ஊறுகாய்ப் பீப்பாயும் தங்கமீன்களும்

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரையொட்டி மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர் பிடிக்கும். அப்பா பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு அதை வாங்கினார். தொட்டியைத் தூக்கிவர எட்டுப் பேர் வேண்டியிருந்தது. தொட்டி வந்து ஒரு மாதம் கழித்துத்தான் மீன்கள் வந்தன. கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, அப்பா ஒன்பது தங்கமீன்களைத் தேர்ந்தெடுத்தார். விரல் நீளம் இருந்தவை பின்னாளில் உள்ளங்கைக்கு அடங்காதவையாக வளர்ந்தன.

அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் அந்தத் தொட்டியைப் பல ஆண்டுகள் ஓர் அலங்காரப் பொருளாகவே கண்டுவந்தோம். விருந்தினர் வந்தால் காட்டுவோம். அதற்கு மேல் அதில் எங்களுக்குப் பங்கில்லை. தண்ணீர் மாற்றுவது, கண்ணாடியில் படரும் பாசியைச் சுரண்டுவது, தீவனமிடுவது எல்லாமே அப்பாவின் வேலைகள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒரு தேக்கரண்டியால் அளந்து போடுவார். நாளொன்றுக்கு 15 கிராமுக்கு மேல் போகாது. அளவு கூடினால் என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் தண்ணீரைத் தெளியவைத்துக்கொண்டிருந்தவர்.

பிறகு அப்பாவுக்கு மறதிநோய் வந்தது.

அது ஒரே நாளில் வந்த நோயன்று. ஆயினும் அது வந்துவிட்டதை முதலில் எங்களுக்கு அறிவித்தது மீன்தொட்டிதான். ஒரு வாரம் வரவேண்டிய 100 கிராம் தீவன டப்பா இரண்டே நாட்களில் காலியாயிற்று. காலையில் போட்டதை ஒன்பது மணிக்கு மறந்து மீண்டும் போடுவார். பத்தரைக்கு இன்னொரு முறை. தொட்டியருகே அவர் நிழல் விழுந்ததுமே ஒன்பது மீன்களும் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தங்கமீனுக்கு மூன்று நொடிதான் நினைவு என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை. பழக்கியதை அவை மாதக்கணக்கில் நினைவில் வைத்திருப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எங்கள் வீட்டு மீன்கள் எதையும் மறக்கவில்லை. மறந்தவர் பசியோடு பார்க்கும் கண்களைக் கண்டு இரங்கி, மறுபடியும் கரண்டியை எடுத்தார்.

டப்பாவை ஒளித்துவைத்தோம். அவர் பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டார். பிஸ்கட்டை ஒளித்தோம். தம் தட்டிலிருந்து சோற்றைப் போட்டார். ஒருநாள் கையைப் பிடித்துத் தடுத்தபோது, "பட்டினி போடறீங்களா அதுங்கள?" என்று கேட்டு அழுதார். அவர் அழுது நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றோடு தடுப்பதை விட்டோம்.

தண்ணீர் முதலில் சோறு வடித்த கஞ்சிபோல் மங்கியது. பிறகு நாற ஆரம்பித்தது. தொட்டியில் ஏற்கெனவே கடையில் வாங்கிய வடிகட்டி ஒன்று உண்டு. பம்பு தண்ணீரை உறிஞ்சி ஒரு பெட்டிக்குள் அனுப்பும், பெட்டிக்குள் ஸ்பாஞ்சு, அழுக்கு அதில் தங்கும், தெளிந்த நீர் திரும்ப விழும். அதைவிடப் பெரிதாக இன்னொன்று வாங்கிப் பொருத்தினோம். தண்ணீர் பார்வைக்குத் தெளிந்தது. மீன்களோ சித்திரை மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இறந்தன.

முதலில் இறந்தது தலையில் சிவப்புக் குல்லாய் வைத்தாற்போன்ற ஒராண்டா வகை மீன். அப்பாவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். அடுத்த நாள் காலை தொட்டிமுன் நின்று எண்ணினார். எட்டு. "குல்லாக்காரன் எங்கே?" என்றார். இறந்துவிட்டதைச் சொன்னோம். நெடுநேரம் அங்கேயே நின்றார். மறுநாளும் எண்ணினார். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அவருக்கு அது புதுச் செய்தியாகவே இருந்தது. அந்த ஒரு மீன் எங்கள் வீட்டில் இருபது நாட்களுக்குமேல் தினந்தோறும் இறந்தது. பொய் சொல்லிப் பார்த்தோம். வேறொரு தொட்டியில் இருக்கிறது என்றோம். காட்டச் சொன்னார். மூன்றாவது மீனும் போனபின், எஞ்சிய ஆறையும் எப்படியாவது காப்பாற்றுவது என்று முடிவு செய்தோம். அது மீன்களுக்காக எடுத்த முடிவு மட்டுமன்று என்பதை வாசிப்பவர்கள் அறிவார்கள்.

அப்பாவைத் திருத்த முடியாது. ஆகவே அவருடைய மறதியைத் தாங்கக்கூடிய தொட்டியாக அதை ஆக்கவேண்டும். கேள்வி இப்படித் திரும்பியதும் ஒருவாறு தெளிவு பிறந்தது. நாளொன்றுக்கு 15 கிராமுக்காக அமைந்த தொட்டி 50 கிராமைத் தாங்க என்ன செய்யவேண்டும்?

மீன் வளர்ப்புத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா நீரில் சேரும். தீவனத்தில் கால்பங்கு அளவுக்கு, உலர்ந்த எடையில், திடக்கழிவாக எஞ்சும். எங்கள் தொட்டியில் உள்ள நீர் 600 லிட்டருக்குச் சற்று மேல். 50 கிராம் தீவனத்துக்கு ஒன்றரை கிராம் அம்மோனியா. அதாவது லிட்டருக்கு நாள்தோறும் இரண்டரை மில்லிகிராம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். 8. சித்திரை வெயிலில் நீரின் வெப்பம் 30 பாகை. இந்த நிலையில் அம்மோனியாவில் ஏழெட்டு விழுக்காடு கடும் நஞ்சான வடிவில் இருக்கும். பி.எச். 7 ஆக இருந்திருந்தால் நஞ்சின் பங்கு இதில் பத்தில் ஒன்றுதான். போதாக்குறைக்கு, வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளியும் குறைகிறது. 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைவது, 30 பாகையில் ஏழரைதான். எங்கள் மீன்கள் எதனால் இறந்தன என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது, மூன்றோடு நின்றதுதான் வியப்பாக இருந்தது.

சரி, கடை வடிகட்டி ஏன் காப்பாற்றவில்லை? இங்கேதான் நாங்கள் பல ஆண்டுகளாகக் கொண்டிருந்த ஒரு தவறான எண்ணம் உடைந்தது. வடிகட்டியில் தங்கிய அழுக்கு தொட்டியை விட்டுப் போய்விட்டது என்று எண்ணியிருந்தோம். போகவில்லை. கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது. ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் கழிவின் மேல்தான் ஒவ்வொரு மணி நேரமும் தொட்டி நீர் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கேயே அது அழுகுகிறது, கரைகிறது, அம்மோனியாவாகித் திரும்பி வருகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் வாழ்வதும் அதே ஸ்பாஞ்சில்தான். அவற்றுக்கு உயிர்வளி மிகுதியாக வேண்டும். அழுகும் கழிவோ இருக்கிற உயிர்வளியை உண்டுவிடுகிறது. குப்பைத்தொட்டிக்குள் சமையலறையை வைத்தாற்போன்ற ஏற்பாடு.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தவர்கள் தொடக்கத்திலேயே இந்த இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள். இலண்டனில் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வளர்த்து, 1850இல் தம் முடிவுகளை வெளியிட்டார். செடி விடும் உயிர்வளியில் மீன் வாழும் என்பது அவர் கணக்கு. செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியபோது அந்தக் கணக்கு தடுமாறியது. குளத்து நத்தைகளை விட்டபின்தான் சரியாயிற்று. அழுகும் இலைகளை அவை தின்றுதீர்த்தன. இரண்டு மீன்களுக்கு நத்தை போதும். அப்பாவின் கரண்டிக்கு எத்தனை நத்தைகள் விடுவது?

தங்கமீன் இவ்விஷயத்தில் நமக்கு உதவுவதே இல்லை. அதற்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கிடைக்கும்வரை தின்னும், தின்றபடியே கழிக்கும். எனவே கழிவு குறைய வழியில்லை. அது முழுதாக இருக்கும்போதே, கரைவதற்குள், நீரிலிருந்து வெளியே எடுத்துவிடவேண்டும். செய்யவேண்டியது இவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் தொட்டி நீரை நிரப்பி, 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, மீன் எச்சத்தை அதில் விட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். முழுதாக இருந்தது 15 நொடியில் இறங்கிற்று. கரண்டியால் கலக்கி உடைத்துவிட்டபின் பெரும்பாலான துணுக்குகளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. மிக நுண்ணியவை அன்று மாலைவரை மிதந்துகொண்டிருந்தன. 1851இல் ஸ்டோக்ஸ் கண்ட விதி இதைத்தான் சொல்கிறது. சிறு துகளின் குறுக்களவு பாதியானால் அது இறங்கும் வேகம் கால்பங்காகிவிடும். கடை வடிகட்டியில் முதலில் இருப்பது பம்பு. உறிஞ்சிய கழிவை அதன் விசிறி அரைத்துக் கூழாக்கிய பின்னரே ஸ்பாஞ்சுக்கு அனுப்புகிறது. பிடிக்க எளிதாயிருந்ததைப் பிடிக்க முடியாததாக்கிவிட்டு, பிறகு பிடிக்க முயல்கிறது.

ஆக, பம்பு கடைசியில் இருக்கவேண்டும். தொட்டி நீர் தானாகவே மெல்ல ஒரு பீப்பாய்க்கு வரவேண்டும். அங்கே கசடு அடியில் தங்கவேண்டும். தெளிந்த நீர் இரண்டாம் பீப்பாய்க்குப் போய் அங்கிருந்து பம்பு வழியாகத் தொட்டிக்குத் திரும்பவேண்டும்.

பழைய பீப்பாய்கள் விற்கும் கடையில் நூறு லிட்டர் பிடிக்கும் நீலப் பீப்பாய் ஒன்றும், அறுபது லிட்டரில் ஒன்றும் வாங்கினோம். இரண்டும் ஊறுகாய் வந்தவை. இரசாயனமோ பூச்சிமருந்தோ வந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் மீனுக்கு ஆகாது. உணவுப்பொருள் வந்ததுதானா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். சீயக்காய் போட்டு ஒரு வாரம் கழுவியும் மாங்காய் ஊறுகாய் வாசனை முற்றிலும் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் சமையலறையை எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் செய்தது ஒரு சுழல் பீப்பாய். நீர் பக்கவாட்டில் நுழைந்து சுவரையொட்டிச் சுற்றிவரும்; கசடு நடுவில் சேர்ந்து இறங்கும். படங்களில் பார்க்க மிக அழகாயிருக்கும் ஏற்பாடு அது. எங்கள் பீப்பாயிலும் அழகாகத்தான் சுழன்றது. கசடும் நீரோடு சேர்ந்து சுழன்று சுழன்று, பாதிக்குமேல் இரண்டாம் பீப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் பம்பு வேறு. வேகம் மிகுந்தால் சுத்தம் மிகும் என்று நம்பியிருந்தோம்.

இரண்டு நாட்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களருகே உட்கார்ந்தார். பீப்பாய்க்குள் நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் சுத்தவிடறீங்க? சும்மா இருந்தாத்தானே படியும்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்புறம் ஒரு பெரிய வட்டம் போட்டார். அதன் நடுவில் சிறு வட்டம். சிறு வட்டத்திலிருந்து நாற்புறமும் அம்புக்குறிகள். "நடுவுல விடணும். ஓரம் பூரா எடுக்கணும். போகப் போக எடம் பெருசாகும், தண்ணி தானா சோர்ந்துபோகும். அப்ப கசடு உக்காரும்." பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே, "படிகாரம் போட்டீங்களா?" என்று கேட்டார். மீன் இருப்பதால் படிகாரம் போடக்கூடாது என்றோம். "என்ன மீனு?" என்றார்.

அவர் வரைந்தது சுத்திகரிப்பு நிலையங்களில் இருக்கும் வட்டத் தெளிவுத்தொட்டி. ஆற்று நீரோ ஏரி நீரோ நடுவிலிருந்து நுழைந்து, சோர்ந்து, கசடை அடியில் விட்டுவிட்டு, சுற்றுவிளிம்பில் வழிந்து வெளியேறும். மணல் வடிகட்டிக்குப் போவது அதற்குப் பிறகுதான். எங்களுக்கு வேண்டியதும் அச்சு அசலாக அதுவேதான். மீன் பண்ணைகளில் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பின்னால் படித்தோம். நடுவிலிருந்து ஓரத்துக்குச் செல்லும் அமைப்பு, சுழல் அமைப்பைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு திடக்கழிவைப் பிடித்ததாக அதில் இருந்தது. அப்பாவுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை.

இனி அந்தப் பீப்பாயை விவரிக்கிறோம். செய்ய விரும்புகிறவர்களுக்கு உதவக்கூடும்.

நூறு லிட்டர் பீப்பாயின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். அதன் நடுவே, ஆறு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த்துண்டு ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டோம். மேல்முனை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்முனை பீப்பாயின் பாதி ஆழத்துக்கு வரும். தொட்டியிலிருந்து வரும் நீர் இந்தக் குழாய்க்குள் விழுந்து, அமைதியடைந்து, கீழே இறங்கி, பிறகு வெளிப்புறமாக மெல்ல மேலேறும். மேலே நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழ், ஒன்றரை அங்குலக் குழாயை நான்கு எல்போக்களால் சதுரச் சட்டமாக்கி, மேற்புறம் நெடுகத் துளையிட்டு வைத்தோம். ஒரே இடத்தில் உறிஞ்சாமல் சுற்றிலும் சீராக நீரை எடுப்பதற்காக இது. சட்டத்திலிருந்து ஒரு குழாய் இரண்டாம் பீப்பாய்க்குப் போகிறது.

வேகக் கணக்கு முக்கியம். மணிக்கு 3000 லிட்டர் ஓடினால் இந்தப் பீப்பாயில் நீர் மேலேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். 1500 ஆனால் மூன்று. எங்கள் புட்டியில் உடைந்த துணுக்குகள் நிமிடத்துக்கு 30 சென்டிமீட்டர், அதாவது நொடிக்கு ஐந்து மில்லிமீட்டர் இறங்கின. ஆறில் அவை மேலே போய்விடும். மூன்றில் கீழே வந்தாகவேண்டும். பெரிய பம்பைக் கழற்றிவிட்டுச் சிறியதைப் போட்ட அன்று மாலையே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

பீப்பாயின் அடி தட்டையானது. தட்டையான அடியில் படிந்த கசடு வடிவாயைத் தேடி வராது. ஆகவே சரிந்த பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் பேசின் ஒன்றை உள்ளே இறக்கி, பேசினுக்கும் பீப்பாய்க்கும் சேர்த்து நடுவில் ஒரே துளையிட்டு, டேங்க் நிப்பிளால் இரண்டையும் இறுக்கினோம். பேசின் விளிம்புக்கும் பீப்பாய்ச் சுவருக்கும் இடையே இருந்த சந்தில், நீளவாக்கில் பிளந்த ரப்பர் குழாயைச் செருகி அடைத்தோம். இந்த வகைப் பீப்பாயில் எந்தப் பசையும் நிலைத்து ஒட்டாது. நாங்கள் மூன்று வகைப் பசைகளை வாங்கிவந்து தோற்றபின் அறிந்தது இது. துளை இருக்குமிடமெல்லாம் வாஷரும் மரையும்தான் நம்பத்தக்கவை. நிப்பிளின் கீழே ஒன்றரை அங்குல பால் வால்வு. காலையில் அதைத் திறந்தால் கசடு கீழே வைத்த வாளியில் வந்து விழும்.

இரண்டாம் பீப்பாயில் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரைக் கொசுவலைப் பைகளில் அடைத்துப் போட்டோம். நல்ல பாக்டீரியாக்களின் குடியிருப்பு அதுதான். அங்கே கசடு வராதவரை அவற்றுக்குக் குறையில்லை. அந்த நாரைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் அவை இறந்துபோகும். தொட்டி நீரிலேயே அலசவேண்டும்.

தொட்டியின் கண்ணாடியில் துளையிட எங்களுக்குத் துணிவில்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புச் சட்டம் செய்து, பீப்பாய்களைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கே உயர்த்தி, விளிம்பின் மேலாகத் தலைகீழ் 'ப' வடிவில் வளைந்த இரண்டு அங்குலக் குழாயால் சைஃபன் வைத்து இணைத்தோம். பம்பு ஓடினால் நீர் சுற்றும். மின்சாரம் போனால் மூன்றிலும் மட்டம் சமமாகி அப்படியே நிற்கும். எங்கும் வழியாது.

காகிதத்தில் வழியவில்லை. நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் கணுக்கால் நனைந்தது. காற்றுக்குமிழிக் கல்லைச் சைஃபன் வாய்க்கு அருகில் வைத்திருந்தோம். குமிழிகள் குழாயின் உச்சியில் போய்ச் சேர்ந்து சைஃபனை முறித்துவிட்டன. பீப்பாய்க்கு நீர் வருவது நின்றது. பம்போ நிற்கவில்லை. இரண்டாம் பீப்பாயின் நீர் முழுவதையும் தொட்டிக்கு அனுப்பியது. தொட்டியில் விளிம்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர்தான் இடமிருந்தது. அது 22 லிட்டர் தாங்கும். மிச்சம் 25 லிட்டருக்குக் குறையாமல் தரைக்கு வந்தது. அந்த நேரத்தில் விழித்த அப்பா, முழங்கால்வரை வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு எங்களோடு சேர்ந்து துடைத்தார். அன்று அவர் மிகுந்த உற்சாகத்தோடு இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். இரவுப்பணியில் இருப்பதாக எண்ணிக்கொண்டார் என்று நினைக்கிறோம்.

பரிகாரம் எளிது. குமிழிக் கல்லை மறுமூலைக்கு நகர்த்தினோம். சைஃபனின் உச்சியில் சிறு வால்வு வைத்து, சேரும் காற்றை வாரம் ஒருமுறை உறிஞ்சி எடுத்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, பம்பைப் பீப்பாயின் அடியிலிருந்து எடுத்து, மேல்மட்டத்திலிருந்து 12 சென்டிமீட்டர் ஆழத்தில் பொருத்தினோம். இனிச் சைஃபன் முறிந்தாலும் அது எடுக்கக்கூடியது 15 லிட்டர்தான். அதைத் தொட்டி தாங்கும். தவறே நேராத அமைப்பைச் செய்வதைவிட, தவறு நேர்ந்தால் தாங்கிக்கொள்ளும் அமைப்பைச் செய்வது எளிது என்று அந்த இரவில் கற்றோம். அப்பா விஷயத்தில் நாங்கள் முன்பே வந்துசேர்ந்திருந்த முடிவுதான் அது. பம்புக்கு மின்சாரம் தரும் இணைப்பில், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் வைத்தோம். நீருக்கருகே மின்சாரம் வைப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

முதல்நாள் காலை வால்வைத் திறந்தபோது வாளியில் விழுந்ததைக் கண்டு சற்று நேரம் பேசாமல் நின்றோம். கருத்த, கொழகொழத்த, நாற்றமடிக்கும் கசடு. ஐந்து லிட்டர். இத்தனை நாள் இது எங்கே இருந்தது? நாங்கள் தெளிவென்று கண்ட நீரில்தான் இருந்தது. மீன்கள் இதற்குள்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. இப்போது அது கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகிறது. அந்த வாழை குலை தள்ளியபோது அண்டை வீட்டார் என்ன உரம் போடுகிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

இந்தப் பீப்பாய் செய்யாததையும் சொல்லிவிடவேண்டும். மிக நுண்ணிய துகள்களை இது பிடிக்காது. வாரம் ஒருமுறை பேசினைத் தூரிகையால் தேய்த்துவிடாவிட்டால் சரிவில் கசடு ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா மாறிவந்த நைட்ரேட் நீரிலேயே சேர்ந்துகொண்டிருப்பதால், வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் வேலையிலிருந்தும் விடுதலை இல்லை. மீன் தன் செவுள்வழியே நேராக வெளியேற்றும் அம்மோனியாவை எந்த வண்டல் பீப்பாயும் தடுக்காது. அது பாக்டீரியாக்களின் பொறுப்பு. அவர்கள் தம் வேலையைச் செய்ய இடம் விட்டுக்கொடுப்பதுதான் இந்தப் பீப்பாயின் பணி.

தீவனத்துக்கும் ஒரு வழி கண்டோம். காலையில் ஐந்து சிறு டப்பாக்களில், டப்பாவுக்கு ஐந்து கிராமாகப் போட்டுத் தொட்டியின் மேல் வைத்துவிடுவோம். அப்பா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் அந்நாளின் முதல் தீவனமாக அதை இடுவார். டப்பாக்கள் தீர்ந்தபின் சில நாட்களில் பிஸ்கட்டும் போகும். போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அதற்குப்பின் மீன் ஏதும் இறக்கவில்லை. ஆறும் இருக்கின்றன. அப்பா எண்ணுவதை நிறுத்திவிட்டார். எத்தனை இருக்கவேண்டும் என்பது அவர் நினைவிலிருந்து போய்விட்டது. குல்லாக்காரனைப் பற்றி இப்போது கேட்பதில்லை. அவர் கேட்காத முதல் நாளன்று எங்களுக்கு ஏற்பட்டது நிம்மதிதான் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

நாட்காட்டித் தாளின் பின்புறம் அவர் வரைந்த படத்தைப் பீப்பாயின் மேல் ஒட்டிவைத்திருக்கிறோம். சில காலைகளில் அதை நின்று படிப்பார். யார் வரைந்தது என்று கேட்பார். நீங்கள்தான் என்றால், நம்பாமல் சிரித்துவிட்டு, "நல்லா போட்டிருக்கான்" என்பார். பிறகு குனிந்து வால்வைத் திறப்பார். எவ்வளவு நேரம் திறந்துவைக்கவேண்டும், கருப்பு போய் வெளுப்பு வந்ததும் எந்த நொடியில் மூடவேண்டும் என்பதை நாங்கள் ஒருநாளும் அவருக்குச் சொல்ல நேர்ந்ததில்லை.